மெதுவாக எரிகிற எண்ணெய்

வெப்ப இயக்கவியல் வாத்தியார் வேலை ஒரு தினுசானது. போட்டது முழுதாகத் திரும்பி வராது என்பதைக் கரும்பலகையில் நிரூபித்தால் சம்பளம் தருவார்கள், அதையே வீட்டில் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

உங்களில் யாராவது கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டு ஆராய்ச்சியும் செய்தவராக இருந்தால் என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "என்ன ஆராய்ச்சி பண்றீக?" என்று அன்போடு கேட்பார். நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும்போது அவர் ரசத்துக்குக் கையை நீட்டியிருப்பார். அந்த அனுபவம் நம் எல்லோருக்கும் பொது.

நான் திருத்தங்கலில் குடியிருந்துகொண்டு, விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப்பொறியியல் நடத்தினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில ஆண்டுகளின் கதை இது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் பத்திரிகைகள் காட்டாமணக்கையும் புங்க மரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய காலம். அந்த விதைகளின் எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றாக பயோடீசல் தயாரிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. செய்முறை கேட்டால் சப்பென்று இருக்கும். எண்ணெயோடு மெத்தனாலையும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்க வேண்டும். அடியில் கிளிசரின் தங்கும், மேலே எரிபொருள் மிதக்கும். தங்குவதும் மிதப்பதும் புத்தகத்தில் சொன்னபடி நடந்துவிட்டால் அன்றைக்கு ஸ்வீட் வாங்கிச் சாப்பிடுவோம்.

பார்சல் ஆபீசில் பாம்

ஒரு எண்ணெயை எரித்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்று அளக்க ஒரு கருவி உண்டு. தடித்த எஃகுக் குப்பிக்குள் எண்ணெயை வைத்து, ஆக்சிஜனை அடைத்து, குப்பியைத் தண்ணீருக்குள் அமுக்கி, உள்ளேயே எரிப்போம். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவோம். இந்தக் குப்பிக்கு எந்தப் புண்ணியவானோ 'பாம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டான். கருவியின் முழுப்பெயர் பாம் கலோரிமீட்டர். ஆர்டர் கொடுத்து, நினைவூட்டி, சலித்து, கிட்டத்தட்ட மறந்தே போன பிறகு, அது சிவகாசி லாரி பார்சல் ஆபீசுக்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது.

பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பாம் என்று அச்சிட்டிருந்தார்கள். வேறு ஊராக இருந்தால் போலீஸ் வந்து கயிறு கட்டி ஜனங்களை ஒதுக்கியிருக்கும். இங்கே பெட்டி மேல் யாரோ டிபன் பாக்ஸை வைத்திருந்தார்கள். கிளார்க் கண்ணாடியை மேலே தள்ளி விலாசத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். இது வெடிக்காது, அளவு பார்க்கிற கருவி என்று நான் விளக்கினேன். வெடிக்காது என்றதும் அவருக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏன் டீச்சர், சிவகாசிக்கு வெளியூருல இருந்து பாம் எறக்குறீகளே, எங்க சரக்குக்கு என்ன கொறச்சல்?"

சோப்பு வாசம்

எங்கள் திட்டத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள் மாரீஸ்வரி. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். மகள் ஏதோ எரிகிற சமாச்சாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்த மறுநாளே, வேலை விட்ட கையோடு கல்லூரிக்கு வந்து நின்றார். முழங்கை வரை அலுமினியத் தூள் ஒட்டி மினுமினுத்தது. உட்காருங்கம்மா என்றால் உட்காரவில்லை. எதையும் தொட்டுவிடாமல் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, "மருந்து வேலையா டீச்சர்?" என்று கேட்டார். அங்கே மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற வெடிமருந்துதான்.

மருந்து இல்லை, எண்ணெய்தான் என்று சொல்லி, கண்ணாடிக் குடுவையில் புங்க எண்ணெய் சுழல்வதைக் காட்டினேன். அவர் குடுவையைப் பார்க்கவில்லை. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவள் கையைத் தன் கையால் தொடாமல், முந்தானை நுனியால் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். புங்க எண்ணெயில் காஸ்டிக் கொஞ்சம் கூடினாலும் சோப்பாகித் தொலையும். எங்களுக்கு அன்றைக்கு நாள் முழுக்க சோப்புதான் வந்திருந்தது. அந்தக் கடுப்பில் நாங்கள் இருவரும் மதியம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பேச்சியம்மாளின் முகம் மட்டும் தெளிந்துவிட்டது. "சோப்பு வாசந்தான் வருது. அப்பச் சரி, படிக்கட்டும்."

மிச்ச எண்ணெய்

புங்க எண்ணெய் எப்போதும் கிடைக்காது. ஒரு தடவை பொரித்த எண்ணெயிலும் பயோடீசல் செய்யலாம் என்பதால், விருதுநகரில் எண்ணெய் புரோட்டா போடுகிற ஒரு கடைக்கு நானும் மாரீஸ்வரியும் கேனோடு போனோம். சாயங்காலக் கூட்டம். நான் வகுப்பில் பேசுகிற குரலில், "அண்ணாச்சி, கழிவு எண்ணெய் இருக்குமா? ஆராய்ச்சிக்கு வேணும்" என்றேன். கல்லில் புரோட்டா தட்டுகிற சத்தம் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

கடைக்காரர் எங்களை அவசரமாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். கேன் நிறைய ஊற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அதன் பிறகும் மாதாமாதம் கொடுத்தார். அந்த எண்ணெயில் ஓடிய கல்லூரி ஜெனரேட்டரின் புகை புரோட்டாவாகவே மணந்தது. பதினொரு மணி வகுப்பில் பசங்களுக்கு என்ட்ரோபி மண்டையில் ஏறாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் முதல் நாள் அவர் போட்ட ஒரே நிபந்தனையை இன்றுவரை நான் மீறியதில்லை: "கழிவுன்னு சொல்லாதீக டீச்சர், மிச்ச எண்ணெய்னு கேளுங்க, திங்க வந்தவுக காதுல விழுது."

தெரியாது என்றால்

சாத்தூருக்குத் தெற்கே கரிசல் நிலம் வைத்திருந்த அழகர்சாமி ஒருநாள் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டோடு என் அறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடி. பருத்தி பொய்த்துவிட்டது, காட்டாமணக்குக்குத் தண்ணீரே வேண்டாமாம், மூன்று வருடத்தில் காய்த்துக் கொட்டுமாம், நிலம் முழுக்க வைக்கட்டுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எண்ணெய் கிடைத்தால் அதிலிருந்து நல்ல எரிபொருள் எடுக்கலாம். அதை அளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மண்ணில், உங்கள் மழைக்கு, ஒரு செடி எவ்வளவு காய்க்கும் என்று எனக்குத் தெரியாது. யாரும் இங்கே அளந்து பார்க்கவில்லை. வைப்பதானால் ஒரு மூலையில் கொஞ்சம் வைத்துப் பாருங்கள் என்றேன்.

அவருக்கு ஏமாற்றம். நாற்று விற்கிறவர்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. படித்த அம்மாவுக்குத் தெரியாதாம். பாதி நிலத்தில் வைத்தார். மாரீஸ்வரி அவரிடமே கேட்டு, அந்த வயலைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போய் இறங்கி, செடிக்குச் செடி காய் பறித்து நிறுத்துப் பார்த்தாள். நிறுக்கிற அளவுக்குக் காய் இருந்ததே அதிசயம். இலை மட்டும் தளதளவென்று, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மூன்று மழைக்காலம் கழித்து நான் போனபோது, அழகர்சாமி வரப்பில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் குறை சொல்வார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆடாவது மேயட்டும்னு அவுத்து விட்டேன் டீச்சரம்மா. அதுக மோந்து பாத்துட்டு, என் மூஞ்சியப் பாத்துட்டுப் போகுதுக."

வழியில் நின்ற ஜீப்

எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுத்த இடத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். திருப்தி என்றால் இன்னொரு வருடம் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மாரீஸ்வரியின் உதவித்தொகை அந்த மாதத்தோடு நிற்கும். அதனால் நம் எரிபொருளிலேயே ஓடுகிற கல்லூரி ஜீப்பில் அவர்களை ஏற்றி, அழகர்சாமியின் வயலுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஆடி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சரியாக அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஜீப் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா ஜன்னலுக்குள் குனிந்து, "தள்ளணுமா சாமி?" என்று குழுத் தலைவரையே கேட்டார். நான் மாரீஸ்வரியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயோடீசலுக்கு ஒரு குணம் உண்டு. பழைய டீசல் டேங்குக்குள் வருடக்கணக்கில் படிந்த கசடையெல்லாம் அது கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பியது போய் ஃபில்டரை அடைக்கும். ஆரம்பத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று மாரீஸ்வரி டிரைவர் காளிராஜிடம் பலமுறை சொல்லியிருந்தாள். அவர் புது ஃபில்டரை வாங்கி, பத்திரமாக, சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார். இப்போது அதை எடுத்து மாட்டினார். வண்டி கிளம்பியது. தலைவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவரிடம்தான் என்ன கோளாறு என்று கேட்டார். காளிராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி மேலயும் குத்தமில்ல, எண்ணெய் மேலயும் குத்தமில்லீங்கய்யா. இந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, நாந்தான் காதுல வாங்கல."

கேஸ் மிச்சம்

ஒரு வருடம் நீட்டித்தார்கள். அந்த வருடத்தில் மாரீஸ்வரியைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பேச்சியம்மாள் என்னையும் வரச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை சாதுவாக இருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அப்பாதான். பெண் என்ன படிக்கிறது என்றார். எரிபொருள் ஆராய்ச்சி என்று நான் பெருமையோடு விளக்கினேன். புங்கம், கிளிசரின், சூழல் மாசு எல்லாம் சொன்னேன். ரசம் கேட்டுக் கையை நீட்டாமல் முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரைப் பிடித்தே போய்விட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, தன் மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்: "அப்ப, நம்ம வீட்டுக்கு வந்தா கேஸ் மிச்சமாகும்னு சொல்லுங்க?"

எவ்வளவு, எவ்வளவு வேகமாக

அதே வருடம் ஒரு நாள், பகலில் மூன்றாம் ஆண்டு வகுப்பு. ஒரு கிராம் டீசலில் இருக்கிற வெப்பம் ஒரு கிராம் வெடிமருந்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று எழுதிப் போட்டேன். பசங்கள் நம்பவில்லை. வழக்கம்போல, வெப்ப இயக்கவியல் எவ்வளவு என்றுதான் சொல்லும், எவ்வளவு வேகமாக என்று சொல்லாது, வித்தியாசமெல்லாம் அந்த வேகத்தில்தான் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. யாரும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து, எந்தத் திசையில் புகை என்று பார்த்தார்கள். மாரீஸ்வரி ஆய்வகத்திலிருந்து ஓடி வந்து வராந்தாவில் நின்றாள். அவள் அம்மா வேலை பார்க்கும் பக்கம்தான். போன் போட்டால் எல்லா எண்ணும் பிஸி. காளிராஜ் யாரும் சொல்லாமலே ஜீப்பை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார்.

ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பாலத்தின் மேல் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். செருப்பில்லாமல் முள்ளுக்காட்டுக்குள் ஓடியதில் பாதமெல்லாம் ரத்தம். அன்றைக்குத் தூரத்தில் இருந்த பேக்கிங் ஷெட்டில் வேலை என்பதால் தப்பியிருந்தார். காலையில் அவரோடு ஒரே வேனில் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. மாரீஸ்வரி அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த அம்மா அழவில்லை. மகளின் தலைமுடியில் ஏதோ தூசி இருப்பதுபோல எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இறந்தவர்களின் காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பேச்சியம்மாள் மறுபடி வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னதில் அம்மாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. மாரீஸ்வரி என்னிடம் கூட்டி வந்தாள். நான் சொன்னால் கேட்பார் என்று. நான் வாயைத் திறக்கும் முன் அவரே, "ஒங்க எண்ணெய் எரியறதக் காட்டுங்க, பாப்போம்" என்றார். ஒரு அகல் சிட்டியில் கொஞ்சம் ஊற்றி, திரி போட்டு ஏற்றினேன். ஆடாமல், அவசரமில்லாமல் எரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: "இப்பிடி மெதுவா எரியறதையே எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர். வெரசா எரியறத நாங்க பாத்துக்கிறோம்."

பொதுமக்கள் கேட்கலாம்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னாலும் நடப்பது. கடைசியில், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த அறிவிப்பின்போது, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டியிருக்கிறோம்! மாரீஸ்வரியின் தேர்வுக்கு அழகர்சாமி வந்திருந்தார். பேச்சியம்மாள் கடைசி வரிசையில், பட்டுச்சேலையில் இருந்தார். அதற்கு முந்தின தீபாவளி சீசனோடு கம்பெனிக்குப் போவதை அவர் நிறுத்தியிருந்தார். மகளுக்கு ஒரு கல்லூரியில் வேலை உறுதியாகியிருந்தது. மாரீஸ்வரி ஒன்றையும் பூசி மெழுகவில்லை. எரிபொருள் நன்றாக எரிகிறது, ஆனால் மானாவாரிக் கரிசலில் காட்டாமணக்கு கட்டுப்படியாகாது, செலவிடுகிற சக்திக்குக்கூட விளைச்சல் போதாது என்று எல்லா அளவுகளையும் திரையில் போட்டுக் காட்டினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இத்தனை வருடம் செய்துவிட்டு வேண்டாம் என்கிறாயே அம்மா?" என்றார். "அளந்ததில் வந்தது அதுதான் சார்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அறிவிப்பு வந்ததும் அழகர்சாமி எழுந்தார். "இந்தப் படத்துல இருக்கிறது எங்காடுதான தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியென்றால் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில், வயலில் உங்கள் பயிரையே போடுங்க, ஓடைக்கரையிலயும் வரப்பு ஓரத்திலயும் புங்கை வைங்க, நிழலுக்கு நிழல், விதை விழுந்தால் லாபம் என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உட்காருவார் என்று நினைத்தேன். சபையைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீக, இன்னைக்குத் தெரியும்னு சொல்றீக. நடுவுல போனது எங்காடுதான். இருந்தாலும் பரவால்ல டீச்சரம்மா, இனிமே கேட்டு வாரவனுக்காவது ஒரு பதில் இருக்கு."

இப்படியாக, டீசலுக்கு மாற்று தேடி இத்தனை வருடம் அலைந்த நான், இன்றும் திருத்தங்கல் நிறுத்தத்தில் நின்று, அதே டீசலில் ஓடுகிற பஸ் இன்னும் வரவில்லையே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.